மார்கழியில் மல்லி, வைகாசியில் சாமந்தி: பருவம் தப்பிப் பூக்க வைப்பதும், தப்பிப் பூப்பதைத் தடுப்பதும்

திருச்சி_மாடி

பருவம் தப்பிய பூ பற்றி எங்கே கேட்டாலும் "காலநிலை மாறிப்போச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செடிவாரியாகக் காரணம் தெரிந்தவர்கள் எழுதினால் பலருக்கும் உதவும். என் கேள்விகள்:

1. குண்டுமல்லி, 18 அங்குலப் பை. ஐப்பசிக்குப் பிறகு மாசி வரை பூவே இல்லை, இலை மட்டும். மார்கழியில் பூக்க வைக்க வழி உண்டா?
2. நர்சரியில் வாங்கும் சாமந்தி ஒரு சாண் உயரம்கூட வராமல் மொட்டு வைத்துவிடுகிறது. நாலு பூவோடு சரி.
3. மாமரத்தில் அக்டோபரிலேயே பூங்கொத்து. விடுவதா, ஒடிப்பதா?
4. சித்திரையில் பூக்க வேண்டிய சரக்கொன்றை ஐப்பசியில் ஏன் பூக்கிறது?

---

வாத்தியார்_தாவரவியல்

நாலுக்கும் நாலு வெவ்வேறு காரணம். அதனால்தான் ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் வேலை செய்வதில்லை.

செடி பூக்கும் நேரத்தை எதை வைத்து முடிவு செய்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சில செடிகள் இரவின் நீளத்தை அளக்கின்றன: சாமந்தி, பாயின்செட்டியா, டிராகன் பழம். சில செடிகளுக்குக் குளிர் வேண்டும்: மா, லிச்சி. சில செடிகள் மண் காய்ந்தபின் வரும் நீரைப் பார்த்துப் பூக்கும்: எலுமிச்சை, காப்பி, காகிதப்பூ, கொன்றை ஓரளவு. இன்னும் சில, புதுத் தளிர் வந்தால் போதும், அதன் நுனியில் பூ வைத்துவிடும்: மல்லி, ரோஜா, செம்பருத்தி. இந்தக் கடைசி வகைக்குக் கத்தரிதான் காலண்டர்.

இரவை அளப்பது இலை. அங்கே உருவாகும் ஒரு புரதம் சாறுக்குழாய் வழியாக நுனிக்குப் போய் "இலை போதும், பூ வை" என்கிறது. இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று சோவியத் அறிஞர் சைலக்யான் 1930களிலேயே சொன்னார். அது எந்தப் புரதம் என்று உறுதியானது 2007 வாக்கில்தான்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பகல் நீளம் ரொம்ப மாறாது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மிகக் குறுகியது பதினொன்றேகால் மணிக்குச் சற்று மேல். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஐரோப்பியத் தோட்டப் புத்தகங்களில் இருக்கும் மாதக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் எதுவும் பொருந்தாது. உங்கள் சாமந்திப் பிரச்சினையின் வேரே இதுதான். ஓசூர் நண்பர் விரிவாக எழுதுவார்.

---

மண்வெட்டி

வாத்தியார் விட்ட அஞ்சாவது காரணம்: சாகப்போற செடியும் பூக்கும்.

திடீர்னு ஒரு செடி காலமில்லாத காலத்துல மூடி மூடிப் பூத்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க. தொட்டியை ஒருக்களிச்சு, மண்ணுருண்டையை உருவினா தெரிஞ்சிடும். நல்ல வேர் வெளுப்பா விறைப்பா இருக்கும். பழுப்பா, இழுத்தா தோல் மட்டும் கையோட வந்தா அழுகல். சின்னச் சின்ன முடிச்சா இருந்தா நூற்புழு. மல்லியில இது சகஜம். மரமா இருந்தா அடிப்பட்டையில பிசின் வடியுதா, தண்டுத்துளைப்பான் ஓட்டையில மரத்தூள் கொட்டுதான்னு பாக்கணும்.

அந்த நிலையில பூவையும் பிஞ்சையும் கிள்ளி எறிஞ்சிட்டு வேரைக் கவனிக்கணும். உரம் போடக் கூடாது. அழுகின வேருக்கு உரம் உப்பா மாறி மிச்ச வேரையும் எரிக்கும்.

---

நிலக்கோட்டை_பூக்காரர்

குண்டுமல்லிக்கு நான் எழுதுகிறேன்.

மல்லியில் பூ வருவது பழைய கொம்பில் அல்ல, புதுக் கிளையின் நுனியிலும் கணுப்பக்கத் தளிரிலும்தான். எனவே புதுத்தளிர் எப்போது வருகிறதோ அதிலிருந்து கணக்கு. வழக்கமான முறையில் நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து (கிளை வெட்டுதல்) செய்கிறோம், மார்ச்சில் பூ பிடிக்கும், அக்டோபர் வரை ஓடும். முல்லைக்கு ஜனவரி கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, இரண்டுக்கும் 45 செ.மீ.

மார்கழியில் பூ இல்லாததற்கு முதல் காரணம் குளிர். இரவுக் குளிரில் தளிர் ஓட்டம் மட்டுப்படும், வரும் மொட்டும் சிறுத்து மிளகளவில் நிற்கும். மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்பது இதனால்தான். வியாபாரிகள் மேல் பழி போட்டுப் பிரயோசனமில்லை, செடியில் பூ இல்லை.

இதைக் கொஞ்சம் ஏமாற்றலாம். கவாத்தை முன்னே இழுக்க வேண்டும்.

செப்டம்பர் முதல் பாதியில் கவாத்து. அதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரைக் குறைத்துக் காயப்போடுங்கள். தொட்டியில் அவ்வளவு நாள் தாங்காது, இலை தொங்கும் வரை இரண்டு மூன்று முறை விட்டால் போதும். பிறகு 50 செ.மீ.க்கு வெட்டி, காய்ந்த குச்சி, உள்ளே குறுக்கே ஓடும் கொம்பு, பென்சிலைவிட மெலிந்த கொம்பு எல்லாவற்றையும் எடுங்கள். மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பழைய இலை இருந்தால் கணுமொட்டு தூங்கும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழம்பாகக் குழைத்துத் தடவுங்கள். மழை வரப்போகும் மாதம், தடவாமல் விட்டால் நுனிக்கருகல் மேலிருந்து கீழே இறங்கும்.

தரையில் நட்ட செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 கிராம், இரண்டு பங்காக. ஒரு பங்கு என்பது 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ். கூடவே கவாத்தின்போது மக்கிய தொழு உரம் 10 கிலோ. செடியின் அடியில் கொட்டாமல் ஓரடி தள்ளி வட்டமாகப் பறித்து மூடுங்கள்.

சூடு இருக்கும்வரை வெட்டியதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் மொட்டு. அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. பனி இறங்கிய பிறகு வெட்டினால் அதே செடி மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

கோடை விளைச்சலில் சிறு பங்குதான் கிடைக்கும். இப்படிப் பூத்த செடி சித்திரையில் சற்றுக் களைத்திருக்கும். அதனால் எல்லாச் செடியையும் இழுக்காதீர்கள். பாதியைச் செப்டம்பரிலும் மீதியை வழக்கம்போல் நவம்பர் கடைசியிலும் வெட்டினால் வீட்டுத் தேவைக்குப் பூ அறுபடாது.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் குளிரில் பூக்கும் இனத்தையே வைத்துக்கொள்ளலாம். காக்கட்டான் பனிக்காலத்திலும் தரும், ஆனால் மணம் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்கும், மணம் மிதம். குண்டுமல்லியின் மணம் வேண்டுமென்றால் குண்டுமல்லிதான்.

---

பால்கனி_செடி

@நிலக்கோட்டை_பூக்காரர் அண்ணா, 375 கிராம் சூப்பர் எல்லாம் தொட்டியில் போட்டால் செடி என்னாவது? தொட்டிக்கு அளவு சொல்லுங்கள். இன்னொன்று, நவம்பரில் வரும் மொட்டு ஊதா நிறமாகி உதிர்கிறது. குளிர்தான் காரணமா?

---

நிலக்கோட்டை_பூக்காரர்

@பால்கனி_செடி தொட்டியில் அந்த அளவு போட்டால் ஒரு வாரத்தில் கருகிவிடும் அம்மா, போட்டுவிடாதீர்கள். 18 அங்குலப் பைக்கு: கவாத்தன்று மேல்மண்ணை மூன்று விரல்கடை சுரண்டி எடுத்துவிட்டு அரை கிலோ மண்புழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள். தளிர் ஒரு விரல் நீளம் வந்ததும் 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஈரமண்ணில். மொட்டு தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டு 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) அதே அளவில். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி லிட்டருக்கு 5 கிராம், மாலையில் இலைமேல், மாதம் ஒருமுறை.

ஊதா மொட்டு குளிரால் அல்ல, பூ ஈ. மொட்டைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், அடிப்பகுதியில் வெள்ளையாக ஊசிமுனை அளவு புழுக்கள் நெளியும். மொட்டு நீளாமல் குட்டையாக வீங்கி நிறம் மாறியிருக்கும். மொட்டுப்புழு வேறு: அது மொட்டில் வட்ட ஓட்டை போட்டிருக்கும், இரண்டு மூன்று மொட்டை நூலால் சேர்த்துக் கட்டியிருக்கும். பூ ஈயின் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும், ஆகவே மருந்தை மேலே மட்டும் அடித்துப் பலனில்லை. கெட்ட மொட்டுகளைக் கீழே போடாமல் பொறுக்கி எரிக்கவும், மேல்மண்ணை வாரம் ஒருமுறை கிளறிக் காயவிடவும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு கைப்பிடி மண்ணில் கலக்கவும். மேலே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி. காதி சோப்புக் கரைசலோடு.

குளிர்காலப் பூவுக்கு இடமும் முக்கியம். மேற்குச் சுவரை ஒட்டி வையுங்கள். பகல் முழுதும் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டை விடும். ஆறு மணி நேர வெயில் இல்லாத பால்கனியில் மார்கழி மல்லியை மறந்துவிடுங்கள்.

---

ஓசூர்_சாமந்தி

சாமந்திக்கு வருகிறேன். @திருச்சி_மாடி உங்கள் செடிக்கு நோயும் இல்லை, உரக்குறையும் இல்லை. அது சொன்னபடி கேட்கிறது, அவ்வளவுதான்.

பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் கீழே போனால் சாமந்தி மொட்டுக் கட்டும். வாத்தியார் சொன்ன கணக்கைப் பாருங்கள்: நம்மூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடவில்லை. ஆக, நம்மூர்ச் சாமந்திக்கு வருடம் முழுவதும் "பூக்கலாம்" என்ற உத்தரவு இருந்துகொண்டே இருக்கிறது. வேர் பிடித்த நாற்று உயரும் முன்பே மொட்டு வைப்பது அதனால்தான். பூக்க வைக்க வேண்டியதில்லை, பூக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். பசுமைக்குடிலில் இரவில் விளக்கு எரிவது இதற்காகத்தான். பூக்க விளக்குப் போடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். நேர் எதிர்.

செய்முறை. நட்டு ஐந்தாறு நாளில் வேர் ஊன்றியதும் இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கு. மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம். மாலையிலேயே போட்டுப் பகலை நீட்டினாலும் வேலை நடக்கும், ஆனால் அதிக மணி நேரம் எரிக்க வேண்டும். நடு இரவில் குறுக்கே உடைத்தால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாகிவிடுகிறது, செடி கோடை என்று நினைத்துக்கொள்கிறது.

வெளிச்சம் இலைமட்டத்தில் சுமார் 100 லக்ஸ். 9 வாட் எல்.இ.டி. பல்பு (900 லூமன் இருப்பது) நாலடி உயரத்தில் தொங்கினால் நேர் கீழே அந்த அளவு கிடைக்கும், ஓரத்தில் குறையும். பத்துப் பன்னிரண்டு தொட்டிக்கு இரண்டு பல்பு, நெருக்கி வையுங்கள். வார்ம் ஒயிட் போதும். சிவப்பு ஒளி பலன் அதிகம், ஏனென்றால் செடியில் இரவை அளக்கும் நிறமி சிவப்புக்குத்தான் அசையும். ஒரு பல்பு நாலு மணி நேரத்துக்கு 36 வாட்-மணி, நாலு வாரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம். செலவுக்குப் பயப்பட வேண்டாம்.

நட்ட மூன்றாம் வாரம் நுனி கிள்ளுங்கள். ஐந்து இலை விட்டு மென்நுனியை மட்டும் விரலால். பக்கக்கிளைகள் ஒரு சாண் வந்ததும் விளக்கை நிறுத்துங்கள். அன்றிலிருந்து ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ. பெரிய ஒற்றைப் பூ வேண்டுமென்றால் நடுமொட்டை விட்டுப் பக்கமொட்டுகளைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ள வேண்டும். கட்டுவதற்கான பூ என்றால் தொடாதீர்கள்.

தலைப்பில் வைகாசி என்று போட்டிருக்கிறீர்கள். மே 20க்குப் பூ வேண்டுமானால் ஒன்பது வாரத்தோடு வெயில் தாமதம் ஒன்றரை வாரம் சேர்த்து மார்ச் 7 வாக்கில் விளக்கு நிறுத்தம். நடவு ஜனவரி 25. வெயில் தாமதம் நிஜம்: மொட்டுக் கட்டியபின் கடும் சூடு வந்தால் மொட்டு வளராமல் அப்படியே நிற்கும், பூ சிறுக்கும், இளஞ்சிவப்பும் செம்பழுப்பும் வெளுத்துப்போகும். கோடைக்கு மஞ்சள், வெள்ளை ரகமே நல்லது. உச்சி வெயிலில் நிழல்வலை, காலை வெயில் முழுசாக.

ஜூன், ஜூலையில் மொட்டு ஒரே சீராகக் கட்டாவிட்டால் அந்தி வெளிச்சமும் சேர்ந்து பகல் எல்லையை ஒட்டி நிற்கிறது என்று பொருள். மாலை 6 முதல் காலை 7 வரை கறுப்புத் துணி மூடலாம். முழு இரவும் மூடியே வைத்தால் உள்ளே வெந்துவிடும். இருட்டிய பின் 8 மணிக்கு எடுத்துவிட்டு, விடியுமுன் மறுபடி போடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், காற்றோட்டம் உள்ள கனத்த துணி. மூன்று நான்கு வாரம், மொட்டு நிறம் காட்டும்போது நிறுத்தலாம்.

---

பால்கனி_செடி

அப்படியானால் தெருவிளக்குக்கு நேரே இருக்கும் சாமந்தி பூக்காமல் உயரமாகவே போவதும் இதனால்தானா?

---

ஓசூர்_சாமந்தி

அதேதான் மேடம். செடியின் ஒரு பக்கம் மட்டும் மொட்டில்லாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவு பத்து மணிக்குத் தொட்டிப் பக்கத்தில் நின்று செய்தித்தாளில் செய்தி எழுத்தை வாசிக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அந்த வெளிச்சம் போதும், செடி குழம்பும்.

பாயின்செட்டியா இன்னும் கறார். இலை சிவக்க அக்டோபரிலிருந்து எட்டு வாரம், தினமும் 13–14 மணி நேரம் தடையில்லா இருட்டு. ஊட்டி, கொடைக்கானலில் வேலியோரம் தானாகச் சிவக்கும், நகரத்துப் பால்கனியில் டிசம்பரிலும் பச்சையாக நிற்கும். குளிர் இல்லாததுதான் காரணம் என்று எண்ணி இடம் மாற்றுகிறார்கள். மாலை 5 முதல் காலை 8 வரை அட்டைப்பெட்டி கவிழ்த்தால் போதும். நடுவில் "சிவந்துவிட்டதா" என்று டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள்.

---

வாத்தியார்_தாவரவியல்

இதோடு டிராகன் பழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பல்பு, அதே இரவு 10–2, ஆனால் பலன் தலைகீழ். அது நீண்ட பகலில் பூப்பது. வியட்நாமின் பின் துவான் பகுதியில் குளிர்மாதங்களில் தோட்டம் தோட்டமாக விளக்கு எரியவிட்டுப் பருவமில்லாப் பழம் எடுக்கிறார்கள். நம்மூரில் மாடியில் வைத்திருப்பவர்கள் அக்டோபருக்குப் பின் மூன்று நான்கு வாரம் விளக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டு முற்றி, தொங்கும் கிளையாக இருக்க வேண்டும். இளம் பச்சைத் தண்டுக்கு எத்தனை பல்பு போட்டாலும் முள்தான். சாமந்தித் தொட்டியை அதன் பக்கத்தில் வைத்துவிட வேண்டாம், ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்குத் தடை.

---

புளியங்குடி_எலுமிச்சை

எலுமிச்சையைப் பத்தி யாரும் பேசலியே. கோடையில விலை ஏறுறதுக்குக் காரணம், அப்ப காய்க்கணும்னா அக்டோபர்ல பூக்கணும், அப்ப மழை. காயாத மண்ணுல எலுமிச்சை தளிர் விடும், பூ விடாது.

தரைமரத்துக்குப் பரிந்துரை இது: ஜூன் மாசம் ஜிபெரெல்லிக் அமிலம் 50 பி.பி.எம். தெளிச்சு அப்ப வர்ற பூவைத் தடுக்கணும். செப்டம்பர்ல சைக்கோசெல் 1000 பி.பி.எம்., தளிர் ஓட்டத்தை நிறுத்த. அக்டோபர்ல பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம். மூணும் ஒரு சங்கிலி, நடுவுல ஒண்ணை விட்டா மத்தது வீண். 50 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஜிபெரெல்லிக் தூள் தண்ணியில சுலபமா கரையாது, முதல்ல கொஞ்சம் ஆல்கஹால்ல கரைச்சு அப்புறம் தண்ணி சேர்க்கணும்.

தொட்டிக்கு இந்த மருந்தெல்லாம் எதுக்கு? மழை படாத இடத்துக்கு நகர்த்தி, தண்ணியை நிறுத்துங்க. இலை படகு மாதிரி உள்ள சுருள ஆரம்பிக்கும், காலையிலயும் விரியாம இருக்கும். அதுதான் அளவு. தொட்டியில நாலு முதல் ஏழு நாள்ல வந்துரும். அதுக்கு மேல விட்டா இலை கொட்டும், கொட்டின கிளையில பூ வந்தாலும் பிஞ்சு தங்காது. அப்புறம் ஒரே நாள்ல குளுரக் குளுரத் தண்ணி ஊத்தாம, முதல் நாள் பாதி, மறுநாள் மீதி. மூணாம் நாள் 13:0:45 லிட்டருக்கு 10 கிராம் இலைமேல. ரெண்டு மூணு வாரத்துல பூ. காகிதப்பூவுக்கும் இதே வைத்தியம், உரம் இல்லாம. அதுக்கு யூரியா போட்டா முள்ளும் இலையும்தான்.

---

ஏற்காடு_காப்பி

காய்ச்சல்–நனைச்சலுக்குக் காப்பியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. நவம்பர், டிசம்பரில் மொட்டுக் கட்டி, வறட்சியில் தூங்கும். மார்ச் வாக்கில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளை. மழை போதாமல் தூறிவிட்டுப் போனால் மொட்டு பாதி விரிந்து பச்சையாக நட்சத்திரம் போல் நின்றுவிடும், காய் பிடிக்காது. ஜனவரியிலேயே கனமழை விழுந்தால் அப்போதே ஒரு பங்கு பூத்துவிடும். அதன் விளைவு அறுவடையில்: ஒரே கிளையில் பழமும் பிஞ்சும். ஒரே கொம்பை நாலு தடவை பறிக்க ஆள் வேண்டும்.

சரக்கொன்றையும் இந்தச் சாயல்தான். புரட்டாசியில் நீண்ட வெயில், பின் ஒரு பெருமழை, இடையில் இலையுதிர்வு. அதற்குப் போதும். காலம் தப்பிய மழையைக் கார்கால மழை என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்ததைச் சங்கப் புலவர்களே பாடிவிட்டார்கள், ஆகவே எல்லாவற்றுக்கும் இப்போதைய காலநிலை மாற்றத்தைக் காட்ட வேண்டாம். தெருமரத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாலைந்து சரம்தான் பூத்திருக்கும், சித்திரைக்கான மொட்டு பெரும்பாலும் மிச்சமிருக்கும்.

---

வாத்தியார்_தாவரவியல்

இலையுதிர்வு என்றதும் ஒரு சேர்க்கை. மொட்டைத் தூங்க வைப்பது பெரும்பாலும் இலையிலிருந்து போகும் ஹார்மோன்தான். கம்பளிப்பூச்சியோ புயலோ இலையைக் காலி செய்தால் அந்தத் தடை விலகும். 2018 அக்டோபரில் ஜப்பானில் பல இடங்களில் செர்ரி பூத்தது இப்படித்தான். அந்த ஆண்டுப் புயல்களின் உப்புக்காற்றில் இலை உதிர்ந்து, பின்னாலேயே வெப்பமும் வந்தது. இந்தோனேசியாவின் மலாங் பக்கம் ஆப்பிள் விவசாயிகள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் கையால் இலையை உருவி, குளிர்காலமே இல்லாத ஊரில் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். நிலக்கோட்டை நண்பர் மல்லியில் இலையை உருவச் சொன்னதும் அதே காரணத்துக்காகத்தான்.

---

திருச்சி_மாடி

மாமரம் இன்னும் பாக்கி. பேக்லோபியூட்ரசால் ஊற்றினால் ஒவ்வொரு வருடமும் பூக்கும் என்கிறார்கள். வீட்டு மரத்துக்குச் செய்யலாமா?

---

மண்வெட்டி

செய்யலாம், ஆனா வீட்டு மரத்துக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

தோப்பு அளவு: கிளை விரிஞ்ச குறுக்களவு ஒரு மீட்டருக்கு 25 சத மருந்து 3 மி.லி. ஆறு மீட்டர் மரம்னா 18 மி.லி., பத்து லிட்டர் தண்ணியில கலந்து அடிமரத்தைச் சுத்தி ஆழமில்லாத வாய்க்கால்ல, ஈரமண்ணுல, செப்டம்பர் முதல் பாதியில. இலைமேல தெளிக்கிற மருந்தில்ல. இது ஜிபெரெல்லின்ங்கிற வளர்ச்சி ஹார்மோனோட உற்பத்தியை அடக்குது, அதனால தளிர் குறைஞ்சு பூ மிஞ்சுது. மண்ணுல வருஷக்கணக்குல தங்கும். வருஷா வருஷம் ஊத்தினா கணு குறுகி, பூங்கொத்து முட்டைக்கோசு மாதிரி சுருளும். வீட்டு மரத்தடியில கீரையும் தக்காளியும் வச்சிருப்பீங்க, அதுவும் குட்டையாகும். ஏழெட்டு வயசு ஆகாத மரம், காயம்பட்ட மரம், தண்ணி இல்லாத மரம் மூணுக்கும் கூடவே கூடாது.

பொட்டாசியம் நைட்ரேட் இதைவிடச் சாது. பிலிப்பைன்ஸ்ல ரமோன் பார்பா 1970கள்ல கண்டுபிடிச்சு அங்க மாம்பழத் தொழிலையே மாத்தின விஷயம். லிட்டருக்கு 10 கிராம். ஆனா முத்தின கொம்புக்குத்தான் பலிக்கும். கரும்பச்சை இலையைப் பறிச்சு உள்ளங்கையில கசக்குங்க. மொறுமொறுன்னு நொறுங்கினா தயார். துவண்டு மடிஞ்சா இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகணும், இப்ப அடிச்சா தளிர்தான் வரும்.

அக்டோபர் பூங்கொத்துக்கு: கன்னியாகுமரி மாவட்டத்துல பருவமில்லாக் காய்ப்பு இயல்பு, அங்க விட்டுடுங்க. திருச்சியில அக்டோபர் கடைசின்னா வடகிழக்குப் பருவமழை, பூ நனைஞ்சா ஆந்த்ராக்னோஸ்ங்கிற பூஞ்சை நோய் வந்து கறுத்துரும், தேனீயும் ஈயும் வராது. பூங்கொத்து ஒரு விரல் நீளத்துலயே ஒடிச்சுருங்க. குளிர் தொடர்ந்தா பக்கக்கணுவிலேர்ந்து டிசம்பர்–ஜனவரியில மறுபடி வரும். பிஞ்சு கடலையளவு பிடிச்ச பிறகு ஒடிக்கிறதுல அர்த்தமில்ல, அதை வளர விடுங்க.

---

மாடி_மைனா

இத்தனை கணக்கு எதற்கு? எப்சம் உப்பு ஒரு ஸ்பூன், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், எல்லாச் செடியும் எல்லா மாதமும் பூக்கும் என்று எல்லா வீடியோவிலும் வருகிறதே?

---

நிலக்கோட்டை_பூக்காரர்

எப்சம் உப்பு மெக்னீசியம். மெக்னீசியம் குறைந்த செடிக்கு (அடி இலை ஓரம் மஞ்சள், நடு நரம்பு பச்சை) லிட்டருக்கு 5 கிராம் நல்லது. குறையில்லாத செடிக்கு வீண், தொட்டியில் உப்பு சேரும். வாழைத்தோல் தண்ணீரில் கொஞ்சம் பொட்டாஷ் இருக்கும், பழ ஈ நிறைய இருக்கும். இரவு நீளத்தையும் குளிரையும் உரத்தால் மாற்ற முடியாது.

---

திருச்சி_மாடி

@ஓசூர்_சாமந்தி கடைசியாக ஒன்று. பொங்கலுக்குச் சாமந்தி வேண்டுமென்றால் தேதி எப்படி?

---

ஓசூர்_சாமந்தி

ஜனவரி 14இலிருந்து பின்னோக்கி ஒன்பது வாரம்: நவம்பர் 10 அல்லது 12 விளக்கு நிறுத்தம். அதற்கு முன் ஐந்து வாரம் விளக்கு, அதாவது அக்டோபர் 6இல் தொடக்கம். நடவு அக்டோபர் 1. நுனி கிள்ளல் அக்டோபர் 20–22. ரகம் பத்து வாரக்காரனாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னே தள்ளுங்கள். நர்சரியில் வாங்கும்போது நுனியைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே கடுகளவு பச்சைக் குமிழ் இருந்தால் அது ஏற்கெனவே மொட்டு. அந்த நாற்றை விளக்கும் திருத்தாது, வாங்காதீர்கள்.

ஆபத்து மழைதான், இருட்டல்ல. ஐப்பசி அடைமழையில் சாமந்தி வேர் இரண்டு நாள் நின்ற நீரைத் தாங்காது. பையின் அடியில் ஓட்டைகளோடு பக்கவாட்டிலும் ஓரங்குல உயரத்தில் நாலு ஓட்டை போடுங்கள், மண்கலவையில் மூன்றில் ஒரு பங்கு தேங்காய் நாரோ பருமணலோ இருக்கட்டும், பையைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். பல்பு ஹோல்டர் மழைநீர் புகாத ரகமாக இருக்க வேண்டும், ஒயர் இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. டைமர் சாதனத்தை மாடியில் வைக்காமல் வீட்டுக்குள் பிளக்கில் வையுங்கள். மின்வெட்டில் சில மாடல்களின் கடிகாரம் பின்தங்கும், வாரம் ஒருமுறை சரிபாருங்கள். நாலைந்து இரவு தொடர்ந்து விளக்கு எரியாமல் போனாலே மொட்டுக் கட்டத் தொடங்கிவிடும்.